விடையை யாரிடம் சொல்வீர்கள்?

மேடையில் வீற்றிருக்கும் நம் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் அவர்களே, நிர்வாகக் குழுப் பெரியோர்களே, மறைந்த நம் பேராசிரியையின் தம்பி அவர்களே, அவருடைய துணைவியார் அவர்களே, முன்வரிசையில் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருக்கும் எழுதுபொருள் கடை முதலாளி அவர்களே, தையற்காரரின் அருமை மகளே, உட்கார இடமில்லாமல் மாடிப்படி வரைக்கும் நிற்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கணக்குப்பதிவியல் வாத்தியாரின் வணக்கம்.

வணக்கம் சொல்லிவிட்டேன். அடுத்த வார்த்தை வர மறுக்கிறது. வரவு, செலவு, ஐந்தொகை என்று இந்தக் கட்டடத்தில் தொண்டை வறளப் பேசியவன் நான். ஒரு நாளும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதில்லை. இன்று ஒட்டிக்கொள்கிறது. ஏன் தெரியுமா? இது அவருடைய வகுப்பறை. எனக்குப் பின்னால் இருப்பது அவருடைய கரும்பலகை. காலையில் ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தார்கள். ஆனாலும் சன்னல் வெளிச்சம் சாய்ந்து விழுகிறபோது பாருங்கள், பழைய எண்கள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிகின்றன. ஆண்டுக்கணக்கில் அழுத்தி எழுதியவை. துடைத்தால் போகுமா?

அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மீதி டீச்சர்! அதுதான் பெயர், அதுதான் பட்டம். பன்னாட்டு நிதியியல் ஒரு பாடம், எண் கோட்பாடு இன்னொரு பாடம். ஒன்றுக்கொன்று ஒட்டுமில்லை, உறவுமில்லை. இரண்டையும் ஒரே ஆள் நடத்தினார். ஒரே சம்பளத்தில் நடத்தினார். நிர்வாகக் குழுவினர் கோபித்துக்கொள்ளக் கூடாது. இது இரங்கல் கூட்டம், உண்மையைச் சொல்ல இதைவிட்டால் வேறு இடம் கிடைக்காது.

ஏன் மீதி டீச்சர்? ஆசிரியர் அறையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் பிரித்தால்கூட, "பன்னெண்டு இருக்கு, அஞ்சு பேர் இருக்கோம், ஆளுக்கு ரெண்டு. மீதி ரெண்டு யாருக்கு?" என்று கேட்பார். நான் எரிச்சலோடு, "டீச்சர், எடுத்து வாயில போடுங்களேன்" என்பேன். "சமமாப் பிரிஞ்சு போறதுல என்ன சார் இருக்கு? மீதியிலதான் கதையே இருக்கு" என்பார். மாணவர் ஒருவர் வகுத்தலை முடித்துவிட்டு உட்கார்ந்தால், "மீதி எங்க?" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலில் அதட்டல் இருக்காது. தொலைந்துபோன பிள்ளையைத் தேடுகிற தாயின் பதற்றம் இருக்கும்.

அவர் எழுதிய பயிற்சிக் கணக்குகளை மறக்க முடியுமா? பாடப்புத்தகத்தில் 'அ என்பவர் ஆ என்ற நாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறார்' என்று இருக்கும். அந்த 'அ'வுக்கு முகம் உண்டா, மூக்கு உண்டா? மீதி டீச்சரின் கணக்கில் எல்லோருக்கும் குடும்பம் இருந்தது. 'குளிர்பதனப் பெட்டி இறக்குமதி செய்யும் ஒருவர், மருமகன் பேச்சைக் கேட்டு, டாலர் விலையை முன்கூட்டியே பேசி முடிக்காமல் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டார். விலை எட்டு விழுக்காடு ஏறியது. நட்டம் எவ்வளவு? மருமகனோடு அவர் மறுபடி பேச எவ்வளவு காலம் ஆகும்?' இப்படி எழுதுவார்! வகுப்பு சிரிக்கும். சிரித்துக்கொண்டே போடுகிற கணக்கு நெஞ்சில் நிற்கும்.

அந்தச் சிரிப்பெல்லாம் ஒரு காலம். பிறகு ஒரு காலம் வந்தது. அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

இங்கே இருக்கும் இளையவர்களுக்குத் தெரியாது. அப்போது நம் பணத்தின் மதிப்பை அரசாங்கம் கட்டிவைத்திருந்தது. ஒரு டாலருக்கு நாற்பது. இன்றும் நாற்பது, நாளையும் நாற்பது, சூரியன் கிழக்கே உதிப்பதுபோல நாற்பது! அந்த நாற்பதை நம்பிக் கடை போட்டார்கள், கல்யாணம் பேசினார்கள், பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பினார்கள்.

ஒரு நாள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எல்லாம் கற்பனை நாடாவே இருக்கே. நம்ம நாட்டையே வெச்சு ஒரு கணக்குப் போடுங்களேன்" என்று கேட்டாள். சரி என்று டீச்சர் அன்றைய செய்தித்தாளை எடுத்து, அதில் இருந்த எண்களைப் பலகையில் எழுதினார். மத்திய வங்கியின் டாலர் கையிருப்பு இருநூற்று எண்பது கோடி. மாதம் எழுபது கோடி வெளியேறுகிறது. இப்படியே போனால் எத்தனை மாதம் தாங்கும்? தொட்டியில் இவ்வளவு தண்ணீர், ஓட்டை இவ்வளவு பெரிது. குழந்தை போடுகிற வகுத்தல். நான்கு. மீதி இல்லை.

வகுப்பு ஒரு கணம் அமைதியானது. அடுத்த அறையில் இருந்த எனக்கே அது கேட்டது. அமைதி கேட்குமா என்று கேட்காதீர்கள், கேட்கும். பிறகு டீச்சர் சிரித்தார். "இது பயிற்சிக் கணக்குதான். பயந்துடாதீங்க. அரசாங்கத்துக்கு ஆயிரம் வழி இருக்கும்" என்றார். பலகையைத் துடைத்தார். கீழே இறங்கினார்.

மாடிப்படிக்குக் கீழே அப்போது ஒரு தையற்கடை இருந்தது. நீங்கள் இப்போது செருப்பைக் கழற்றி விட்டிருக்கிறீர்களே, அதே இடம். ஒரு இயந்திரம், ஒரு மேசை, ஒரு ஆள் உயரக் கண்ணாடி. தையற்காரருக்கு மனைவி, ஒரு மகள். மனைவிக்கு இதயத்தில் கோளாறு. வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் அறுவைச் சிகிச்சைக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்காக அவர் வாழ்நாள் உழைப்பை வங்கியில் டெபாசிட்டாகப் போட்டு வைத்திருந்தார். அது முதிர இன்னும் ஆறு மாதம் இருந்தது.

டீச்சர் படியிறங்கி வந்ததும் அவர் கேட்டார். நானும் பின்னாலேயே குடையோடு இறங்கிக்கொண்டிருந்தேன், அதனால் காதால் கேட்டேன்.

"டீச்சர், ஒரு சந்தேகம். பேங்க் பணத்தை இப்பவே உடைச்சு டாலரா மாத்திடவா? இல்ல முதிர்ற வரைக்கும் விடவா? இப்ப உடைச்சா வட்டி போயிடுமாம்."

டீச்சர் அங்கேயே, மேசையில் கிடந்த அளவு நாடாவை விரலால் தள்ளியபடி மனக்கணக்குப் போட்டார். "எதுக்கு வட்டியை விடறீங்க? விலைதான் நாப்பதுலயே நிக்குதே. ஆறு மாசம் பொறுத்து மாத்துங்க. ஆஸ்பத்திரிச் செலவு போக டிக்கெட்டுக்கும் சேர்ந்துடும்."

"நீங்க சொன்னா சரி டீச்சர்" என்று அவர் இயந்திரத்தை மிதித்தார்.

அவையோரே! ஒரே நாளில், ஒரே கையால், இரண்டு கணக்கு. மாடியில் போட்ட கணக்கில் நான்கு மாதம். படிக்கட்டுக்குக் கீழே போட்ட கணக்கில் ஆறு மாதம். இரண்டிலும் பிழை கிடையாது. வட்டிக் கணக்கும் சரி, கையிருப்புக் கணக்கும் சரி. நான்கு ஆறைவிடச் சிறியது என்று தெரிந்துகொள்ள எண் கோட்பாடு படிக்க வேண்டுமா? ஆனால் அந்த நான்கையும் இந்த ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்த மகாபுத்திசாலிக்குத் தோன்றவில்லை. மாடியில் இருந்தது பாடம். கீழே இருந்தது வாழ்க்கை. நடுவில் இருந்தது ஒரு படிக்கட்டு.

நான்காம் மாதம் முடியவில்லை. ஒரு காலையில் வானொலி சொன்னது, இனிமேல் விலையைச் சந்தையே முடிவு செய்யும் என்று. மதியத்துக்குள் டாலர் அறுபது. அந்த வாரக் கடைசியில் எண்பத்தைந்து. வங்கித் தெருவில் வரிசை வளைந்து வளைந்து மருந்துக்கடை வரைக்கும் வந்தது. யாரும் கத்தவில்லை. எல்லோரும் விரல்விட்டு எண்ணிக்கொண்டே நின்றார்கள். அந்த உதடுகள் அசைந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

டீச்சர் என்ன செய்தார்? வீட்டுக்குள் பதுங்கினாரா? விதி என்று சொன்னாரா? முதல் ஆளாகத் தையற்கடைக்குப் போனார். வேலைக்கு வந்த நான் படியோரமே நின்றுவிட்டேன்.

"மாடியில எனக்கு நாலுன்னு வந்துது. உங்ககிட்ட ஆறு மாசம் பொறுங்கன்னு சொன்னேன்" என்றார்.

தையற்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் கையிலிருந்த ஊசியைப் பஞ்சுத் திண்டில் குத்தி வைத்தார். "நாலுன்னு வந்துச்சா?"

"ஆமா."

"அதை ஏன் டீச்சர் என்கிட்ட சொல்லல?"

இவ்வளவுதான் கேட்டார். திட்டவில்லை, அழவில்லை. அந்தக் கேள்வியைத்தான் டீச்சர் கடைசி மூச்சு வரைக்கும் சுமந்தார்.

தம்பி அவர்களே, உங்களைச் சங்கடப்படுத்தச் சொல்லவில்லை. அக்கா கேட்டதும் பொதுவாக இருந்த வீட்டை அடமானம் வைக்கக் கையெழுத்துப் போட்டீர்கள். காரணம்கூடக் கேட்கவில்லை. ஆசிரியர்கள் நாங்களும் கூடி எங்களால் ஆனதைப் போட்டோம். தொகை ஒருவழியாகச் சேர்ந்தது. ஆனால் அதற்குள் அந்த அம்மாவால் விமானம் ஏற முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மழைக்காலம் முடிவதற்குள் அந்த அம்மா போய்விட்டார். மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

துக்கம் முடிந்து கடை திறந்த முதல் நாள். மாலை வகுப்பு. டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார். பின்னால் கதவு திறக்கிறது. தையற்காரர் உள்ளே வருகிறார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்கிறார். கையில் காகிதம் இல்லை, பேனா இல்லை. சும்மா உட்கார்ந்து டீச்சரையே பார்க்கிறார். டீச்சர் கையிலிருந்த சாக்கட்டி இரண்டாக ஒடிந்து விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடி எழுதினார்.

அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். நிதியியலுக்கும் வந்தார், எண் கோட்பாட்டுக்கும் வந்தார். அதுவரை வகுப்பு நடக்கும்போது கீழே தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது அவர் மேலே இருந்ததால் கீழே சத்தமில்லை. அந்தச் சத்தமில்லாமையில் டீச்சர் பாடம் நடத்தினார். நினைத்துப் பாருங்கள்! நீங்கள் செய்த ஒரு கணக்கு உங்கள் முன்னால் வந்து தினமும் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

"வர வேண்டாம்னு சொல்லிடலாமே டீச்சர்" என்று ஒரு நாள் நான் சொன்னேன். "அவருக்கு இடம் இருக்கு சார்" என்றார். அவ்வளவுதான்.

தையற்காரர் வகுப்பில் வாய் திறந்த நாளும் நினைவிருக்கிறது. எண் கோட்பாட்டு வகுப்பு. டீச்சர் ஒரு கணக்குக் கொடுத்தார். ஒருவரிடம் கொஞ்சம் பொத்தான்கள் இருக்கின்றன. நான்கு நான்காகப் பிரித்தால் ஒன்று மீதி. ஐந்து ஐந்தாகப் பிரித்தால் மூன்று மீதி. ஏழு ஏழாகப் பிரித்தால் மீதியே இல்லை. பொத்தான்கள் குறைந்தது எத்தனை? மாணவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் டீச்சரே போட்டுக் காட்டினார். நூற்று முப்பத்து மூன்று.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "என் டப்பாவுல இருக்கறதே நூறுதான் டீச்சர். மீதி முப்பத்திமூணுக்கு எங்க போறது?"

வகுப்பே வெடித்துச் சிரித்தது. டீச்சரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற மாற்றம் வந்தது. நிதியியல் பயிற்சித்தாள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் கடைசியில் ஒரு பகுதி சேர்ந்தது. 'இந்த விடையை யாரிடம் சொல்வீர்கள்? இரண்டு மதிப்பெண்.' அப்போதைய முதல்வர் கொதித்துப் போனார். "இது பாடத்திட்டத்துல எங்க இருக்கு?" என்றார். "பாடத்திட்டத்துல இல்லாததாலதான் ஒரு உசிரு போச்சு" என்றார் டீச்சர். அந்தப் பகுதி தாளில் நிலைத்தது.

என்னென்ன விடைகள் எழுதினார்கள் தெரியுமா! 'மத்திய வங்கி ஆளுநருக்குத் தந்தி கொடுப்பேன்' என்று ஒருவர். அதற்கு அரை மதிப்பெண். 'அவருக்கு ஏற்கெனவே தெரியும்' என்று ஓரத்தில் எழுதியிருந்தார் டீச்சர். 'எங்கள் தெருவில் மருந்து இறக்குமதி செய்பவரிடம் சொல்வேன், நம்பாவிட்டால் அவர் மனைவியிடம் சொல்வேன்' என்று ஒருத்தி. முழு மதிப்பெண். 'என் மாமனாரிடம் மட்டும் சொல்ல மாட்டேன்' என்று ஒருவர். அவருக்கும் முழு மதிப்பெண், நேர்மைக்காக. அந்த மருமகன் இதோ, படியோரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்.

ஆண்டுகள் போயின. தையற்காரரும் போனார். தூக்கத்தில் போனார். கடையைப் பூட்டினார்கள். வகுப்பில் கடைசி பெஞ்சின் ஓரம் காலியானது.

காலியானதா? அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி விவரம் தெரியாமல் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். டீச்சர் பாடத்தை நிறுத்தினார். "கொஞ்சம் தள்ளி உட்காரும்மா. அவர் வந்தா இடம் இருக்கணும்" என்றார். சாதாரணமாகச் சொன்னார். பேருந்தில் இடம் பிடிக்கிறவர் சொல்வதுபோலச் சொன்னார். அந்தப் பெண் வெளிறிப்போய் ஆசிரியர் அறைக்கு ஓடி வந்தாள். நான் டீச்சரைத் தனியாக அழைத்துக் கேட்டேன்.

"டீச்சர், அவர் போயிட்டாரே. நாம ரெண்டு பேரும்தானே சாவுக்குப் போயிட்டு வந்தோம்?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சதை எல்லாம் நம்பிடறோமா என்ன? அன்னிக்கும்தான் எனக்குத் தெரிஞ்சுது. நம்பினேனா?"

நான் திரும்பிப் போய், அந்தப் பெண்ணை இனி முன்வரிசையில் உட்காரச் சொன்னேன்.

விடையை எழுதி முடித்ததும் அந்த ஓரத்தை ஒருமுறை பார்ப்பார். பார்த்த பிறகுதான் பலகையைத் துடைப்பார். சில நாள் பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைக் கவனிப்பார். காது கொடுத்துக் கேட்பதுபோல. கீழே தையல் இயந்திரம் ஓடுகிறதா என்று கேட்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும். அவையோரே, நான் பகுத்தறிவுள்ளவன். பற்றும் வரவும் சமமாகாத எதையும் நம்பாதவன். ஒரு மாலை நானும் கேட்டேன். டக டக டக என்று, நிறுத்தி, மறுபடி டக டக டக. இறங்கிப் போய்ப் பார்த்தேன். பூட்டு தொங்கியது. குழாயில் தண்ணீர் ஏறுகிற சத்தமாக இருக்கலாம். இருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் மறுபடியும் கையிருப்பு கரைய ஆரம்பித்தது. டீச்சர் கணக்குப் போட்டார். ஐந்து மாதம் என்று வந்தது. இந்த முறை பலகையோடு நிறுத்தவில்லை அந்த வீராங்கனை! முழங்கால் வலியோடு கடை கடையாக ஏறி இறங்கினார். மருந்துக்கடைக்குப் போனார். பயணச்சீட்டு முகவரிடம் போனார். எழுதுபொருள் கடைக்குப் போனார். பழச்சாறு கடைக்குக்கூடப் போனார்.

"ஏம்மா, ஜூஸ் கடைக்கும் டாலருக்கும் என்ன சம்பந்தம்?"

"இந்த ஆப்பிள் எங்கிருந்து வருது? ஒட்டியிருக்கற ஸ்டிக்கரைப் படிங்க."

கல்லூரிக்குப் புகார் வந்தது, வதந்தி பரப்புகிறார் என்று. அழைத்துக் கேட்டபோது, "வதந்திக்கு வழிமுறை கிடையாது. என்கிட்ட வழிமுறை இருக்கு, படிப்படியா இருக்கு, பாருங்க" என்று தாளை நீட்டினார். இரண்டு வாரம் வகுப்பெடுக்கக் கூடாது என்றார்கள். அந்த இரண்டு வாரமும் கடைகடையாகத்தான் போனார்.

பிறகு என்ன நடந்தது? கணக்குப்படி நடந்ததா? இல்லை! யாரும் எதிர்பாராமல் ஒரு பெரிய வெளிநாட்டுக் கடன் வந்தது. நம் பணம் விழவில்லை, ஏறியது. டீச்சர் சொன்னதைக் கேட்டு அவசர அவசரமாக டாலர் வாங்கியவர்களுக்கெல்லாம் நட்டம். அதில் பெரிய நட்டம் நம் எழுதுபொருள் கடை முதலாளிக்கு. அவர் நேராக வகுப்புக்கே வந்தார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

"ஏம்மா, உங்க பேச்சைக் கேட்டு என் பிழைப்புல மண்ணு விழுந்துதே! இதுக்கு யாரு பதில் சொல்றது?"

டீச்சர் சாக்கட்டியைக் கீழே வைத்தார். "நான்தான் முதலாளி. தப்பு என்னோடது. கடன் வரும்னு நான் எடுத்துக்கல. விட்ட வரி இதுதான்" என்று பலகையில் கோடிட்டுக் காட்டினார்.

"அப்ப இனிமேலாவது வாயை மூடிக்கிட்டு இருப்பீங்களா?"

"மாட்டேன். அடுத்த தடவையும் வருவேன். கதவைச் சாத்திக்கறது உங்க இஷ்டம்."

முதலாளிக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. "வந்தா டீ குடிச்சுட்டுப் போங்க. கணக்கு மட்டும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அதே மனிதர்தான் இன்று காலை என்னிடம் சொன்னார்: "தப்பாச் சொன்னாலும் அந்தம்மா படியேறி வந்து சொன்னாங்க சார். எங்க பேங்க்காரன் சரியாத் தெரிஞ்சும் சொன்னதில்ல." இதைவிட ஒரு ஆசிரியைக்கு என்ன விருது வேண்டும்?

முதலாளி சண்டை போட்டுவிட்டுப் போன அன்று மாலை டீச்சரிடம் கேட்டேன், மனசு கஷ்டமா இருக்கா என்று. "தப்பாப் போனதுல எவ்வளவு நிம்மதி தெரியுமா சார்" என்றார். பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்தார். "அவருக்குத்தான் இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

டீச்சருக்கு ஆறுதல் ஒன்றுதான் இருந்தது. எண் கோட்பாடு. "பதினேழு பகா எண் சார். நான் சொன்னாலும் பகா எண், சொல்லாட்டியும் பகா எண். அதால யாரும் சாக மாட்டாங்க. அங்க போனா எனக்கு மூச்சு விட முடியுது" என்பார். ஆனாலும் நிதியியலை விட்டாரா? நான் எடுத்துக்கொள்கிறேன் என்று எத்தனையோ முறை சொன்னேன். விடவில்லை. மூச்சு விடுகிற இடத்திலேயே யாரால் குடியிருக்க முடியும்?

இனி, சென்ற மாதம். மருத்துவமனை. சன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த்தொட்டி, அதன் மேல் இரண்டு காகம். நானும் தையற்காரர் மகளும் பார்க்கப் போயிருந்தோம். அந்தப் பள்ளிச் சிறுமி இப்போது ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. விசில் ஊதிப் பழகியவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும். அப்பா என்னை மன்னிச்சாராம்மா?"

"இல்ல டீச்சர்."

நான் பதறிப்போய் மகளின் தோளைத் தொட்டேன். அவர் நிறுத்தவில்லை.

"நீங்க மறந்துடக் கூடாதுன்னுதான் அப்பா மாடிக்கு வந்தாரு. வீட்டுல சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு, தலையை வாரிக்கிட்டு, கோபமாத்தான் கிளம்புவாரு. 'அந்தம்மா கண்ணு முன்னாடி நான் இருக்கணும்'னு சொல்லுவாரு. அப்புறம் என்ன ஆச்சோ, பாடம் பிடிச்சுப் போச்சு. சாப்பிடும்போது தட்டுல விரலால எழுதி என்கிட்ட வகுத்தல் கேப்பாரு. ஆனா மன்னிக்கல."

டீச்சர் கண்ணை மூடினார். மூடிய கண்ணோரம் நனைந்தது. பிறகு, "அப்பாடா" என்றார். ஆமாம், அப்பாடா என்றுதான் சொன்னார். "எல்லாரும் மன்னிச்சிருப்பாரு, மன்னிச்சிருப்பாருன்னு சொல்லியே என்னைத் தனியா விட்டுட்டாங்கம்மா. இத்தனை வருஷத்துல நீ ஒருத்திதான் சரியான விடையைச் சொன்ன, சொல்ல வேண்டிய ஆளுகிட்ட."

அந்த இரண்டு பேரும் கையை விடவில்லை. நான் வெளியே வந்து நடைபாதையில் நின்றேன். அந்த வாரமே டீச்சர் நம்மை விட்டுப் போனார். இதை மேடையில் சொல்லலாமா என்று மகளிடம் காலையில் கேட்டேன். "சொல்லுங்க சார், அப்பா வெக்கப்பட மாட்டாரு" என்றார்.

அவையோரே! அழுதது போதும். இப்போது வேலையைப் பற்றிப் பேச வேண்டும். புதிய பயிற்சித்தாள்கள் அச்சுக்குப் போகின்றன. இனி விடைகளை இயந்திரம் திருத்தப் போகிறது. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கட்டத்தை நிரப்பினால் போதும். அந்த இரண்டு மதிப்பெண் பகுதிக்குக் கட்டம் கிடையாதாம், எடுத்துவிடலாம் என்று நிர்வாகக் குழுவில் ஒரு யோசனை. முதல்வர் அவர்களே, நீங்கள் நல்லவர், உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்கிறேன். எடுக்கக் கூடாது! இயந்திரத்தால் திருத்த முடியாவிட்டால் அந்தப் பகுதியை நான் திருத்துகிறேன். கண் தெரிகிற வரைக்கும் திருத்துகிறேன். அதற்குச் சம்பளமும் வேண்டாம். ஒரே சம்பளத்தில் இரண்டு வேலை இங்கே புதிதா என்ன? முதல்வர் தலையசைக்கிறார். எல்லோரும் பார்த்தீர்கள். நீங்கள்தான் சாட்சி.

திங்கள் முதல் அவருடைய இரண்டு வகுப்புகளையும் நான் எடுக்கிறேன். எண் கோட்பாடு எனக்கு அரைகுறை. பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் தைரியசாலியும் இல்லை. யாராவது முறைத்தால் இரண்டடி பின்னால் போகிறவன். ஆனால் நம் ஆசிரியைக்கு நாம் செய்யும் உறுதி ஒன்றுதான். தெரிந்ததைச் சொல்வோம். தவறாகப் போனால் நின்று திட்டு வாங்குவோம். மறுபடியும் சொல்வோம்.

முடிக்கிறேன். மத்திய வங்கியின் கையிருப்பு விவரம் இன்று காலைச் செய்தித்தாளில் வந்திருக்கிறது. இரண்டாம் ஆண்டு மாணவர்களும் நானும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மூன்று முறை சரிபார்த்தோம். வரக்கூடிய கடனையும் சேர்த்துப் பார்த்தோம். வந்த விடை எனக்குப் பிடிக்கவில்லை. தவறாக இருக்கலாம், தவறாகவே இருக்கட்டும். கூட்டம் கலைந்ததும் நாங்கள் வாசலில் நிற்போம். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிடாதீர்கள். ஒவ்வொருவரும் எங்களிடம் வந்து, அது என்ன என்று கேட்டுவிட்டு, பிறகு வீட்டுக்குப் போங்கள்.